வெலிங்டன்பிரிட்ஜ், பீட் பருவம்: ஒரு மேசையின் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 6

மாடியிலுள்ள சின்ன அறையிலிருந்து மகனின் பழைய கட்டிலை அகற்றியதில், சுவரை ஒட்டி 2.4 மீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பலகைக்கு இடம் கிடைத்திருக்கிறது. பத்து ஆண்டுகளாக ஒத்திப்போட்டு வந்த மாதிரி ரயில் வேலையை இனியும் தள்ளிப்போடக் காரணம் இல்லை.

எந்தக் காட்சியைச் செய்வது என்பதில் குழப்பமே இருக்கவில்லை. அயர்லாந்துக்கு வந்த புதிதில், 2002 முதல் 2006 வரை, நானும் மனைவியும் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் வெலிங்டன்பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு அருகே குடியிருந்து, வேலைக்கு வாட்டர்ஃபோர்டுக்கு ரயிலில் போய்வந்தோம். காலையில் ஒரு ரயில், மாலையில் ஒரு ரயில், ஞாயிற்றுக்கிழமை எதுவும் இல்லை. 1906-இல் திறக்கப்பட்ட அந்த ராஸ்லேர்–வாட்டர்ஃபோர்ட் பாதையில் 2010 செப்டம்பர் 18-உடன் பயணிகள் ரயில் நின்றுபோனது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, மாலோ சர்க்கரை ஆலை மூடப்பட்டதால், இலையுதிர் காலத்திலிருந்து ஜனவரி வரை அந்த நிலையத்தை உயிரோடு வைத்திருந்த பீட் ரயில்களும், அதாவது சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கை ஏற்றிச்சென்ற ரயில்களும், நின்றுவிட்டன. அயர்லாந்தில் சர்க்கரை ஆலைகளுக்கு ரயிலில் பீட் போனது அத்தோடு முடிந்தது.

நான் செய்ய விரும்புவது அந்தப் பீட் ரயிலைத்தான். பாதையின் பெருமையான பாரோ ஆற்றுப் பாலத்தைச் செய்யலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதன் நீளம் 2,131 அடி. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில் அதைச் செய்தால் எட்டரை மீட்டர் வரும். பக்கத்து வீட்டுக்காரரின் சுவரை இடிக்க வேண்டும்.

அக்டோபர் 13

இன்று முழுவதும் 4.5 மில்லிமீட்டரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

அயர்லாந்தின் தண்டவாள இடைவெளி 5 அடி 3 அங்குலம். நம் ஊர் அகலப் பாதையைவிட மூன்று அங்குலம் மட்டுமே குறைவு. தொடக்கத்தில் டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை 4 அடி 8½ அங்குலமும், அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலமும், டப்ளின்–டிராகடா பாதை 5 அடி 2 அங்குலமும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போக, பாஸ்லி என்ற ராணுவப் பொறியாளரின் கையில் தீர்ப்பு விடப்பட்டது. அவர் எவருடைய அளவையும் ஏற்காமல் 5 அடி 3 அங்குலம் என்று முடிவு செய்தார். 1846-இல் அதுவே சட்டமாயிற்று.

4 மில்லிமீட்டர் கணக்கில் இந்த இடைவெளி 21 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், அதாவது 4 அடி 1½ அங்குலப் பாதை. உண்மையைவிடப் பதின்மூன்றரை அங்குலம் ஒடுங்கியது. கடையில் வாங்கும் ஐரிஷ் என்ஜின்களும் அந்த இடைவெளிக்கே வருகின்றன. பெரும்பாலோர் அப்படியே ஓட்டுகிறார்கள், அதில் தவறும் இல்லை. ஆனால் நேராக எதிரே நின்று பார்த்தால், அகன்ற உடலின் கீழே சக்கரங்கள் உள்ளே தள்ளி நிற்பது, பெரிய ஆள் சிறுவனின் செருப்பைப் போட்டுக்கொண்டதைப் போல எனக்குத் தோன்றுகிறது. என் நினைவிலுள்ள என்ஜின்கள் காலை அகட்டி உறுதியாக நின்றவை. 21 மில்லிமீட்டர் என்று முடிவு செய்துவிட்டேன். அப்படியென்றால் தண்டவாளத்தைக் கையாலேயே செய்ய வேண்டும்.

நவம்பர் 3

செம்புத் தகடு ஒட்டிய கட்டைகளின்மேல் தண்டவாளத்தைப் பற்றவைக்கும் வேலை மூன்று வாரங்களை விழுங்கியது. இரண்டு இணைப்புப் பாதைகள், ஒரு சுமையேற்றும் பாதை. இதில் எழுத வேறு ஒன்றும் இல்லை. விரல் நுனிகள் வெந்துபோயின.

நவம்பர் 17

நினைவை நம்பி என்ஜின் வாங்கக் கூடாது என்று இன்று தெரிந்துகொண்டேன்.

பீட் ரயிலின் முன்னே ஒரே மாதிரியான இரண்டு என்ஜின்கள், ஆரஞ்சும் கறுப்புமாக, இணைந்து நிற்கும் என்று இத்தனை ஆண்டுகளும் உறுதியாக எண்ணியிருந்தேன். அந்த நம்பிக்கையில் 141 வகையில் இரண்டை வாங்கிவைத்தேன். இன்று மனைவி பழைய ஆல்பத்தைத் தேடி எடுத்து, நடைமேடையில் அவள் கம்பளிக் குல்லாயுடன் நிற்கும் படத்தைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் தெரியும் என்ஜின்களில் ஒன்றுதான் 141. மற்றது 121.

இரண்டுமே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்து அனுப்பியவை. 1961-இல் வந்த 121 வகை பதினைந்து என்ஜின்களுக்கும் ஒரு முனையில் மட்டுமே ஓட்டுநர் அறை. தனியாக ஓடினால் ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் சுழல்மேடையில் ஏற்றித் திருப்ப வேண்டிய தொல்லை. மறு ஆண்டே வந்த 141 வகை முப்பத்தேழுக்கும் இரு முனையிலும் அறை இருந்ததற்கு அந்தத் தொல்லையே காரணம். பின்னாளில் 121-ஐ இன்னொரு என்ஜினோடு கோத்து, அறை வெளிப்பக்கம் பார்க்கும்படி ஓட்டினார்கள். நான்கு குளிர்காலம் பார்த்தும் இந்த வேறுபாடு என் கண்ணில் படவில்லை. படத்தில் அவளைத்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

டிசம்பர் 1

பீட் வேகன்கள் வேறெங்கும் காணக் கிடைக்காத விசித்திரம். பழைய நெளிதகடு வேகன்களின் உடல்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவைத்து, இரட்டை உயரமுள்ள தொட்டியாக்கி ஓட்டினார்கள். அதே வழியில் நானும் இரண்டிரண்டு பிளாஸ்டிக் உடல்களை ஒட்டிப் பத்து வேகன்கள் செய்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். என்ஜின்களோடு சேர்த்தால் பலகையில் பாதியை எடுத்துக்கொள்ளும்.

பீட்டுக்கு என்ன செய்வது என்பதே இந்த வாரத்துப் பிரச்சினை. ஒரு சர்க்கரை பீட் 12 சென்டிமீட்டர் என்று வைத்தால், இந்த அளவில் ஒன்றரை மில்லிமீட்டர். முதலில் கடுகை நிரப்பி வெளிர்பழுப்பு அடித்தேன். பீரங்கிக் குண்டுகளைப் போல உருண்டையாகத் தெரிந்தது. கசகசா மணலாகிவிட்டது. கடைசியில் சம்பா ரவை பொருந்தியது: ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் கூம்பி, நிறமும் ஏறக்குறைய அதுவே. மேலே கொஞ்சம் சேற்று வண்ணத்தைத் தடவியதும், டிராக்டர்கள் கொண்டுவந்து கொட்டிய அந்தக் குவியல் கண்முன் வந்தது.

டிசம்பர் 8

ரவை, தண்ணீர் கலந்த பசையை உறிஞ்சி உப்பி, நான்கு வேகன்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. சுரண்டி எடுத்து, அடுப்பில் வறுத்த புதிய ரவையை வார்னிஷில் தோய்த்து மீண்டும் நிரப்பினேன். உப்புமாவுக்கு வறுப்பதைவிட அதிக கவனத்துடன் வறுக்கிறேன் என்று சமையலறையிலிருந்து விமரிசனம் வந்தது.

டிசம்பர் 22

நேற்று இருவரும் காரில் வெலிங்டன்பிரிட்ஜ் வரை போய்வந்தோம். தண்டவாளம் முட்செடிக்குள் கிடக்கிறது. நண்பகல் வெளிச்சத்தில் அந்த இடம் எனக்கு அந்நியமாக இருந்தது. கோராக் ஆறு இத்தனை அருகே ஓடிப் பானோ விரிகுடாவில் கலப்பதையே நான் மறந்திருந்தேன்.

திரும்பும் வழியில்தான் காரணம் புரிந்தது. பீட் பருவத்தில் நாங்கள் காலை ரயிலேறும்போது விடிந்திருக்காது. டிசம்பரில் இங்கே சூரியன் எட்டரை மணி வாக்கில்தான் உதிக்கும், நாலேகால் மணி வாக்கில் மறையும். மாலையில் இறங்கும்போதும் இருட்டு. விளக்கின் வெளிச்சம் விழுந்த இடம் மட்டுமே என் வெலிங்டன்பிரிட்ஜ். நான் வாங்கிவைத்திருக்கும் புல், வேலிச்செடி, மலைச்சரிவு வரைந்த பின்திரை எல்லாம் படத்தைப் பார்த்துச் செய்யும் இட்டுக்கட்டல். பின்திரையைக் கழற்றிக் கறுப்புத் துணியை மாட்டிவிட்டேன்.

விளக்கைப் பற்றி மட்டும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. சுமையேற்றும் இடம் முழுவதும் மஞ்சள் வெளிச்சம் என்கிறேன் நான். ஒரு முனையில் மட்டும்தான் விளக்கு, மறுமுனையில் டிராக்டரின் முகப்பு விளக்கு என்கிறாள் அவள். என்ஜின் விஷயத்தில் அவளுடைய படம் வென்றதால், இதிலும் அவள் சொன்னபடியே செய்கிறேன்.

2025 ஜனவரி 12

சிக்னல் கேபின் முடிந்தது. கேபின்காரரின் கையில் 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் ஒரு வளையம் கொடுத்திருக்கிறேன். ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையம்வரை போவதற்கான அனுமதிச் சின்னம் அந்த வளையத்தில் கோத்திருக்கும். அதைக் கையில் வாங்காமல் ஓட்டுநர் நகர முடியாது. இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு சமயத்தில் ஒரு சின்னம்தான் வெளியே வரும். அந்தக் கைமாற்றுக்காக எங்கள் ரயில் நின்ற சில நிமிடங்களில்தான் பீட் ஏற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 19

இன்று மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். இரண்டு என்ஜின்களும் பத்து வேகன்களும் தடம் புரளாமல், தடுக்காமல் பலகையின் குறுக்கே போயின. பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "இது ஓடி நாம எப்பங்க பார்த்தோம்?" என்று கேட்டாள்.

பார்த்ததே இல்லை. பீட் ரயில் எப்போதும் நின்றுகொண்டிருந்தது. நகர்ந்தது நாங்கள் இருந்த ரயில்தான். மூன்று மாதம் செலவழித்து ஓடச்செய்த ரயிலை நிறுத்திவிட்டு, பலகையின் முன்விளிம்பில் ரயில்பெட்டியின் ஜன்னல் அளவுக்கு அட்டையில் ஒரு சட்டம் வெட்டி நிறுத்தினேன். அறை விளக்கை அணைத்து, பெட்டியை அதன் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். ஒற்றை விளக்கு, ஈரக் குவியல், வளையத்தோடு நிற்கும் மனிதர். ஏதோ குறைகிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கையில், அவள் சட்டத்துக்குள் கையை நீட்டி, இல்லாத கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைப்பதுபோல் இரண்டு முறை தேய்த்தாள்.

நாளை கண்ணாடி வெட்டக் கொடுக்க வேண்டும்.