ஓடினால் சுடலாமா?

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு என்கவுன்டர் செய்தி. அஞ்சே நிமிடத்தில் சித்தப்பா கைதட்டும் பொம்மை நாலைந்து போட்டுவிட்டு, "ஓடுறவனைச் சுடலாம்னு சட்டத்துலயே இருக்கு" என்று எழுதினார். அவரோடு மல்லுக்கு நிற்க எனக்கு அருகதை இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா சொல்லும் சட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-வது பிரிவு. 2024 ஜூலையில் இருந்து அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 43-வது பிரிவு. கைது செய்யப் போகும்போது எதிர்த்தாலோ தப்பப் பார்த்தாலோ, பிடிப்பதற்குத் தேவையான எல்லா வழிகளையும் போலீஸ் கையாளலாம் என்கிறது. ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்ல இது உரிமை தராது என்று அடுத்த வரியிலேயே கடிவாளமும் போடுகிறது. பைக் திருடன் ஓடினால் ஓடட்டும், நாளைக்குப் பிடிக்கலாம். சரி, கொலை வழக்கில் தேடப்படுபவன் ஓடினால் தாராளமாகச் சுடலாமா என்றால், அப்படியும் இல்லை, பிரிவின் நோக்கமே கைது செய்வதுதான், பிணத்தை யாரும் கைது செய்ய முடியாது.

அதனால் போலீஸ் கடைசியில் வந்து நிற்கும் இடம் தற்காப்பு. (கூட்டத்தைக் கலைக்கச் சுடுவது தனிக் கதை, அதை விட்டுவிடுகிறேன்.) இந்தத் தற்காப்பு உரிமை காக்கிச் சட்டைக்கென்று தனியாகக் கொடுத்ததல்ல, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே உரிமை, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான பயம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒரு அடி கூட அடிக்கக் கூடாது. செய்திகளில் எல்லாம் ஒரு அரிவாளும் எஸ்.ஐ. கையில் ஒரு வெட்டும் தவறாமல் வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா? பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டு போட்டுக்கொள்கிற கதைக்கு அண்ணன் இது.

என்கவுன்டர் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் 16 விதிகள் போட்டது. எஃப்ஐஆர் பதிய வேண்டும், சிஐடியோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம், சுட்டவருக்குச் சுட்ட கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. அந்தக் கடைசி விதியை எழுத வேண்டி வந்ததே என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்புறம் ஹைதராபாத். 2019 டிசம்பர் 6, விடியற்காலை, கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேர் போலீஸ் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். இதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் 2022-ல் அதை நம்ப முடியாது என்றது, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள், 10 போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. இறந்தவர்களில் மூன்று பேர் அப்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது.

அன்று காலை போலீஸ்காரர்கள் மேல் ஜனங்கள் பூ தூவிய வீடியோவை எங்கள் குழுவில் முதலில் போட்டவன் நான்தான். நேற்று மேலே தள்ளித் தள்ளித் தேடினேன். இன்னும் இருக்கிறது.