சிவப்புக் கவரில் ஒரு ஊசி

வண்ணாரப்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், எந்த மருத்துவக் கழிவு எந்த நிறக் கவரில் போகும் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள், ஐவி செட் என்கிற டிரிப் டியூப், யூரின் பேக், கையுறை சிவப்பு, ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பா, மருந்துக் குப்பி நீலம். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி சுவரில் ஒட்டிய சார்ட்தானே, ஆய்வுக்கு ஆள் வரும் வாரத்தில் எல்லாருக்குமே மனப்பாடம்.

ராத்திரி டூட்டியில்தான் சாயம் வெளுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் மூச்சுத் திணறி வந்த ஒரு ராத்திரி, போட்ட ஊசியைச் சிரிஞ்சோடு அப்படியே பக்கத்திலிருந்த சிவப்புக் கவரில் போட்டுவிட்டேன். ஊசியை வெட்டும் நீடில் கட்டர் நாலடி தள்ளி இருந்தது, அவ்வளவுதான் காரணம். காலையில் கவரைக் கட்டித் தூக்கிப் போன துப்புரவு அக்காவின் கெண்டைக்காலில் அது குத்தியது.

"நான்தான் போட்டேன்கா" என்றேன்.

"தெரியும் சிஸ்டர், ராத்திரி நீங்கதானே டூட்டி."

சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இரண்டு நோயாளிகளின் ரத்தத்தையும் டெஸ்ட்டுக்கு அனுப்பினோம். எச்ஐவி இருந்தால் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். நல்லவேளை, எல்லாம் நெகட்டிவ். ஆனால் ரெஜிஸ்டரில் எழுதும்போதுதான் பார்த்தேன், எனக்குச் சேர்ந்தவுடனே தொடங்கி ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருந்தார்கள், கான்ட்ராக்டில் வந்த அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை. கழிவைக் கையாளும் எல்லாருக்கும் போட வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது.

அக்கா கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் வளர்ந்தவர். ஐவி டியூபை ஏன் வெட்டிப் போடச் சொல்கிறார்கள் என்று பயிற்சியில் யாரும் எனக்குச் சொன்னதில்லை, அவர்தான் சொன்னார்: "வெட்டாம போட்டா கழுவி வித்துடுவாங்க சிஸ்டர். சின்ன வயசுல நானே குளுக்கோஸ் பாட்டில் பொறுக்கியிருக்கேன்." சிவப்புக் கவர் ஆட்டோகிளேவ் என்கிற நீராவி மெஷினில் வெந்து, துண்டு துண்டாகிப் பிளாஸ்டிக்காகத் திரும்பும், மஞ்சள் எரிக்கப் போகும், சாதாரணக் குப்பையில் தவறி விழுந்தது மட்டும் அந்த மேட்டுக்குத்தான். எனக்கு அது நிறம், அவருக்கு அது போய்ச் சேரும் இடம். கவர் முக்கால்வாசி நிரம்பியதுமே கட்டச் சொல்லி எங்களை விரட்டுவதும் அவர்தான்.

இப்போது கட்டரை ஊசி டிராலியிலேயே வைத்திருக்கிறோம். அக்காவுக்கு இரண்டு டோஸ் முடிந்தது, மூன்றாவது ஆறாம் மாதம். சிவப்புக் கவரை மட்டும் இன்னமும் காலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் நடக்கிறார்.