செங்கட்டி

எங்கள் பள்ளி மாஸ்டர் காலமான செய்தி வந்த இரவே நினைவு மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டார்கள். “அவருடைய செல்லப்பிள்ளை நீதானே” என்றார்கள். செல்லமோ என்னவோ, எனக்குப் பட்டப்பெயர் வரக் காரணமானவர் அவர்தான்.

உயர்தர வகுப்புக்கு வந்த ஆண்டில் எனக்கு முதலாம் வகை நீரிழிவு என்றார்கள். ஊசி முனையில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் கருவியெல்லாம் எட்டாத காலம். 5 மில்லிலீற்றர் பெனடிக்ற் கரைசலில் 8 துளி சிறுநீர் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். சிறுநீரில் சர்க்கரை கூடக் கூட நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், செங்கட்டிச் சிவப்பு என்று நிறம் ஏறும். அதற்காக விடியற்காலையில் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடுவார் மாஸ்டர். என் இன்சுலின் குப்பிகளும் அங்கிருந்த குளிர்சாதனப் பெட்டியில்தான் இருந்தன.

இதெல்லாம் எங்கள் இருவருக்குள் என்றுதான் நம்பியிருந்தேன். ஒருநாள் செய்முறை வகுப்பில் சிவந்த குழாயைத் தூக்கிப் பிடித்து, “இந்தச் சோதனையில் நம்மிடையே ஒரு விற்பன்னர் இருக்கிறார்” என்று என் பெயரைச் சொன்னார். இடைவேளைக்குள் நான் செங்கட்டி ஆகிவிட்டேன். நீங்களும் சேர்ந்துதான் கூப்பிட்டீர்கள்.

தவணைப் பரீட்சையன்று குழாய் நீலம். மகிழ்ந்துபோனேன். சிறுநீரில் சர்க்கரை இல்லை என்பதை மட்டுமே நீலம் சொல்லும். இரத்தத்தில் அது விழுந்துகொண்டிருப்பதைச் சொல்லாது. மண்டபத்தில் வியர்த்து, கை நடுங்கி, உளறினேன். குடித்திருக்கிறான் என்று வெளியே நிறுத்தினார்கள். குளுக்கோசுப் போத்தலோடு ஓடிவந்தார் மாஸ்டர். ஆய்வுகூடப் பொருளை வாயில் வைப்பவனுக்குப் பிரம்படி என்று விதித்தவரே அள்ளி என் வாயில் போட்டார். “விழுங்கும் தம்பி, விழுங்கும்.” மறுநாள் அந்தப் போத்தலில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘செங்கட்டிக்கு மட்டும்.’

இன்சுலின் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் இடம் தேடித்தான் நான் புறப்பட்டேன். கண்ணும் சிறுநீரகமும் இன்னும் பழுதில்லை. ஆகவே முடிவு சரிதான். கையில் ஒட்டிய உணரி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அனுப்புகிறது. அலுவலகத்தில் அது அலறினால் எல்லாரும் மரியாதையாக வேறுபக்கம் பார்க்கிறார்கள். ஒருவரும் ஓடிவருவதில்லை, கேலி செய்வதுமில்லை.

ஓய்வுபெற்ற பின் ஒருமுறை மாஸ்டர் தொலைபேசியில், “இப்போது என்ன நிறம்?” என்று கேட்டார். நிறமெல்லாம் போய்விட்டது சேர், எண்தான் என்றேன். “அப்படியென்றால் எனக்கு விளங்காது” என்றார்.

நினைவு நிதிக்கு என் பங்கை அனுப்பியிருக்கிறேன். பதக்கம் கிதக்கம் வேண்டாம். விடுதிக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்குங்கள், 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் ஒழுங்காக நிற்பதாக. மருந்தை அமிலப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைப்பது எங்கள் காலத்தோடு போகட்டும்.