அமிர்தி ஆற்றில் தண்ணி வருதா?

நவம்பர் 24, 2024, ஞாயிறு

சீத்தாப்பழம் இன்றோடு சரி. மலைமேலிருந்து அத்தை கொடுத்தனுப்பிய இரண்டு கூடையும் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. வேலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் வெளியூர் முகங்களே அதிகம். பூங்காவில் மானையும் மயிலையும் பார்த்துவிட்டு வந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அருவில தண்ணி வருதாண்ணா?" ஆற்றில் கணுக்கால் அளவுதான் ஓடுகிறது. உள்ளதைச் சொல்லிவிடுவேன். வியாபாரம் போனாலும் பொய் சொல்ல மனசு வராது.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. இங்கே விடிய விடிய மழை. கடை திறக்கவில்லை. ஆற்றைப் பார்ப்பதற்கு முன்பே கல் உருளும் சத்தம் கேட்டுவிட்டது. திருவண்ணாமலையில் மண் சரிந்து வீட்டை மூடிவிட்டதாம். ஜமுனாமரத்தூர் பக்கம் அத்தைக்கு எத்தனை முறை போட்டும் போன் போகவில்லை.

டிசம்பர் 4, புதன்

அத்தை பேசிவிட்டார். அப்புறம்தான் சோறு இறங்கியது.

தண்ணீர் தெளிந்திருக்கிறது. அம்மா என்னை அழைத்துப் போய் உறைகிணற்றைக் காட்டினார். நாகநதி வற்றிக் கிடந்த காலத்தில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் தோண்டியவற்றில் ஒன்று. அம்மாவும் மண் சுமந்தார். சரிவில் ஓடிவரும் மழைத்தண்ணீர் நிற்காமல் போய்விடும். அதனால் குறுக்கே கல் அடுக்கி வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் உறை இறக்கிப் பூமிக்குள் அனுப்புகிறார்கள். 2021 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் நாகநதிப் பெண்களைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு அம்மா களை எடுக்கப் போயிருந்தார், கேட்கவில்லை.

குனிந்து உறையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "மேல ஓடறதைத்தான் எல்லாரும் பாக்கறாங்க. உள்ள எறங்கறதுதாண்டா நமக்கு" என்றார்.

டிசம்பர் 8, ஞாயிறு

நல்ல கூட்டம். நாலு மணிக்கு ஒருவர் ஆறு வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார். உள்ளங்காலில் பச்சைக் கண்ணாடிச் சில்லு, புளியங்கொட்டை அளவு. அம்மா அதை எடுத்து, கழுவி, மஞ்சள் வைத்துத் துணி சுற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடச் சொல்லி அனுப்பினோம். குழந்தை அழவே இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. நான் நீந்தக் கற்றுக்கொண்ட மடுவில் பாட்டிலை உடைத்துப் போட எப்படி மனசு வருகிறது? இருட்டும்வரை தண்ணீருக்குள் கைவிட்டுப் பொறுக்கினேன். அரை கோணி சேர்ந்தது.

ஜனவரி 16, 2025, வியாழன், காணும் பொங்கல்

ஆண்டிலேயே பெரிய கூட்டம் இன்றுதான். காலையிலேயே கடை வாசலில் கோணி கட்டி, அட்டையில் எழுதி வைத்தேன்: "ஆற்றோரம் கிடக்கும் காலி பாட்டில் கொண்டு வந்தால் கடலை மிட்டாய். உடைந்ததைத் தொடாதீர்கள், என்னிடம் இடத்தைக் காட்டுங்கள்." பிள்ளைகள் அப்பா அம்மாவையும் இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். குடித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள்கூடத் தங்கள் பாட்டிலைக் கொண்டு வந்து போட்டார்கள். அவர்களுக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

மாலைக்குள் மூன்று கோணி. ஆற்றில் ஓட்டம் மெலிந்துவிட்டது. அம்மா டார்ச் எடுத்துக்கொண்டு போய் உறைகிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். மேலிருந்து மூன்றாவது உறையில் தண்ணீர் நிற்கிறதாம்.