நாதியே இடமா, வலமா: தெலே பி1 எழுதப்போகிறவர்களுக்கு

பெறுபேறு வந்துவிட்டது, "ஆப்தோ", அதாவது சித்தி. இனி நிம்மதியாக எழுதலாம். ஸ்பானிய மொழித் தேர்வான தெலே (DELE) பி1 எப்படியிருக்கும் என்பது பதிந்தவர்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: வாசிப்பும் எழுத்தும் ஒரே குழு. அதில் 50க்கு 30 இல்லையென்றால் கேட்டலிலும் பேச்சிலும் எவ்வளவு அள்ளினாலும் சித்தி இல்லை.

அந்தக் குழுவில் தமிழில் நினைத்து எழுதுகிறவர்களுக்குப் புள்ளி ஒழுகுகிற ஓட்டை, எல்லாரும் பயப்படுகிற சுப்ஹுன்திவோ (நிச்சயமில்லாததைச் சொல்லும் வினைவடிவம்) அல்ல. யாரோ, ஒருத்தரும், ஒண்டும், இன்னொரு, ஒவ்வொரு என்கிற சின்னச் சொற்கள்தான். வாசிப்பின் ஐந்தாம் பணியில் உள்ள 6 இடைவெளிகளுக்குள் இவை எட்டிப் பார்க்கும். எழுத்தில் இவை இல்லாமல் ஒரு பந்தி நகராது.

முதலில் எழுத்துக்கூட்டல். கீழே "அல்கூன்" (ஏதோ ஒரு), "நிங்கூன்" (ஒரு ...உம் இல்லை) என்று நெடிலாக வருகிற இடத்தில் ஸ்பானிய எழுத்தில் உகரத்துக்கு மேலே சாய்கோடு உண்டு. "அல்குனோ", "நிங்குனோ" என்று நீண்டால் கோடு இல்லை. ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் குறுகிய வடிவம். "அல்கூன் லீப்ரோ" (ஏதோ ஒரு புத்தகம்) சரி, "அல்கூன் தெ எயோஸ்" (அவர்களில் ஒருத்தர்) பிழை, அங்கே "அல்குனோ தெ எயோஸ்".

கோடு போடுகிற வேலை

"ஒருத்தரும் வரேல்லை." இதில் "ஒருத்தரும்" என்பதில் எதிர்மறை கிடையாது, எல்லாம் கடைசியில் வினையோடுதான் ஒட்டியிருக்கிறது. அதே பொருளுள்ள ஸ்பானிய "நாதியே" அப்படியல்ல, அது தானே எதிர்மறை. நாங்கள் தமிழ் ஒழுங்கை அப்படியே தூக்கி வைத்து "நாதியே நோ வினோ" என்று எழுதுகிறோம் ("நோ" இல்லை, "வினோ" வந்தார்). பிழை. ஆங்கில இலக்கணத்தில் ஊறியவர்கள் ஒரு வசனத்தில் இரண்டு எதிர்மறை வரக்கூடாது என்று "வினோ நாதியே" என்கிறார்கள். அதுவும் பிழை. சரியானவை இரண்டு: "நாதியே வினோ", "நோ வினோ நாதியே".

வினைக்கு முன்னால் பென்சிலால் ஒரு நெட்டுக்கோடு போடுங்கள். நாதியே, நாதா (ஒண்டும்), நிங்குனோ, நுன்கா (ஒருபோதும்), தம்போக்கோ (அதுவும் இல்லை) இவற்றில் ஏதாவது கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் "நோ" வேண்டாம். எல்லாம் வலப்பக்கம் என்றால் இடப்பக்கத்தில் "நோ" கட்டாயம். இடப்பக்கம் ஒன்று வந்தபிறகு வலப்பக்கம் எத்தனை வந்தாலும் பரவாயில்லை.

"நாதியே | திஹோ நாதா": ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.
"நோ லெ | திஹோ நாதா ஆ நாதியே": ஆள் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை.

"சின்" (இல்லாமல்) வந்தால் அதுவே "நோ"வின் வேலையைச் செய்துவிடும்: "சின் தெசிர் நாதா", ஒண்டும் சொல்லாமல். வினையே இல்லாத மறுமொழியில் கோடும் இல்லை. யார் வந்தது? "நாதியே." அவ்வளவுதான்.

இந்த ஒன்றுக்கே பத்து நாள் கொடுக்கலாம். அதிகம் என்பீர்கள். இல்லை.

ஐ உருபு எங்களுக்குக் கிடைத்த வரம்

"ஒருத்தரையும் காணேல்லை" என்போம், ஐ இல்லாமல் சொல்லமாட்டோம். "ஒண்டும் காணேல்லை" என்பதில் ஐ தேவையில்லை. ஸ்பானியமும் இதே ஆளா பொருளா கணக்குத்தான் பார்க்கிறது: "நோ வேயோ ஆ நாதியே", ஆனால் "நோ வேயோ நாதா". ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த "ஆ"வை விட்டுவிட்டு அழுவார்கள். நீங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் ஒருதரம் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கு ஐ வந்தால் "ஆ" போடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். "தமிழ் தெரிந்த ஒரு வாத்தியாரைத் தேடுறன்", ஆள் யாரென்று இன்னும் தெரியாது: "புஸ்கோ உன் ப்ரொஃபெசோர் கே செபா தமில்". இங்கே "ஆ" இல்லை. அதே வசனத்தில் "ஆல்கியென்" (யாரோ ஒருத்தர்) வந்தால் ஆள் தெரியாவிட்டாலும் "ஆ" வரும்: "புஸ்கோ ஆ ஆல்கியென் கே செபா தமில்". இரண்டிலும் "தெரிந்த" என்பதற்கு சுப்ஹுன்திவோவான "செபா"தான், சாதாரண "சாபே" அல்ல. "நோ ஆய் நாதியே கே செபா..." (தெரிந்த ஒருத்தரும் இல்லை) என்பதிலும் அப்படியே. "ஆய் ஆல்கியென் கே சாபே..." என்று, இருக்கிற ஆளைச் சொன்னால் மட்டும் சாதாரண வடிவம்.

எங்களில் ஒருத்தரும், அவர்களில் ஒருத்தர் என்று கூட்டம் குறிப்பிட்டிருந்தால் நாதியே, ஆல்கியென் இரண்டையும் ஒதுக்கிவையுங்கள். "நிங்குனோ தெ நோசோத்ரோஸ்", "அல்குனோ தெ எயோஸ்".

"இன்னொரு"வுக்குள் ஒளிந்திருக்கிற "ஒரு"

"இன்னொரு" என்ற சொல்லின் வாலில் "ஒரு" ஒட்டியிருக்கிறது. அதனால் கை தானாகவே "உன் ஓத்ரோ" எழுதும். ஸ்பானியத்தில் அது இல்லவே இல்லை. "ஓத்ரோ லீப்ரோ" மட்டும்தான். இலக்கம் வந்தால் தமிழ் ஒழுங்கு காப்பாற்றும்: இன்னும் ரெண்டு தேத்தண்ணி, "ஓத்ரோஸ் தோஸ் தேஸ்". "தோஸ் ஓத்ரோஸ் தேஸ்" பிழை.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன்:

- "நிங்கூன்" எப்போதும் ஒருமை. "புத்தகங்கள் ஒன்றும் இல்லை" என்றாலும் "நோ தெங்கோ நிங்கூன் லீப்ரோ". கத்தரிக்கோல், மூக்குக்கண்ணாடி போலப் பன்மையிலேயே புழங்கும் பெயருக்கு மட்டும் "நிங்குனாஸ் திஹேராஸ்", "நிங்குனாஸ் காஃபாஸ்".
- "அல்குனோ" பெயருக்குப் பின்னால் போனால் பொருள் தலைகீழ். "நோ ஆய் ப்ரொப்லேமா அல்குனோ", ஒரு பிரச்சினையும் இல்லை. வாசிப்பில் இதைக் கண்டு தடுமாறவேண்டாம்.
- "பஸ்தாந்தே"க்குப் (போதுமான) பால் இல்லை, பன்மை உண்டு: "பஸ்தாந்தெஸ்". "காதா"வுக்கு (ஒவ்வொரு) இரண்டுமே இல்லை. "வாரியோஸ்" (பல) பன்மை மட்டும்.
- "போக்கா ஆகுவா" என்றால் தண்ணி காணாது. "உன் போக்கோ தெ ஆகுவா" என்றால் கொஞ்சம் இருக்கு. "தெ"யை விழுங்காதீர்கள்.
- ஆண்பாலுக்கு வருகிற "எல்" சேர்ந்து "எல் ஆகுவா" என்று வருவதால் தண்ணீரை ஆண்பால் என்று நினைத்து "முச்சோ ஆகுவா" (நிறையத் தண்ணி) எழுதுகிறவர்கள் பலர். அது பெண்பால்தான். "முச்சா ஆகுவா", "ஓத்ரா ஆகுவா", "தோதா எல் ஆகுவா".
- "குவால்கியேர்" (எந்த ஒரு ...உம்) பெயருக்கு முன்னால், இரு பாலுக்கும். தனியே நின்றால் "குவால்கியேரா". பெண்ணைக் குறிக்கும் பெயருக்குப் பின்னால் "குவால்கியேரா" போடவேண்டாம், வசையாகிவிடும்.
- "ஆல்கோ" (ஏதோ ஒண்டு), "நாதா" பின்னால் வரும் பெயரடை ஆண்பால் ஒருமை: "ஆல்கோ புயேனோ", நல்லது ஏதோ.
- "எல்லாம் தெரியும்" என்பதில் "தோதோ" செயப்படுபொருள், "லோ" கூட வரும்: "லோ செ தோதோ".

காதா (ஒவ்வொரு), தோதோஸ் (எல்லா) இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிற பழக்கத்துக்கு நல்லூர்த் திருவிழா நல்ல மருந்து. திருவிழா நாட்களில் நாளாந்தம் கோயிலுக்குப் போகிறோம், வெறும் வழக்கம்: "தோதோஸ் லொஸ் தியாஸ்". ஆனால் முருகன் நாளுக்கொரு வாகனத்தில் வருகிறார், ஒவ்வொரு நாளும் வேறு: "காதா தியா சாலே என் உன் வாகனா திஸ்தின்தோ". நாளுக்கு நாள் ஏதாவது மாறினால் காதா. மாற்றமில்லாத வழக்கத்துக்கு தோதோஸ் இயல்பு. "ஒன்றுவிட்ட நாள்" என்பதற்கு "காதா தோஸ் தியாஸ்", இங்கே தோதோஸ் உதவாது.

பயிற்சியும் நேரமும்

ஒற்றை றூள் கொப்பி ஒன்று. இடப்பக்கத்தில் யாழ்ப்பாணப் பேச்சில் 20 வசனம், எழுத்துத் தமிழில் அல்ல. வலப்பக்கத்தில் ஸ்பானியம். முதல் பத்து நாளும் எதிர்மறை வசனம் மட்டும். அதற்குப் பிறகு ஐந்து எதிர்மறை, ஐந்து "இன்னொரு", மிச்சம் கலவை. கோடு போடாமல் எழுதிய வசனத்தைத் திருத்தவே வேண்டாம், திரும்ப எழுதுங்கள்.

வாசிப்பின் ஐந்தாம் பணியில் பொருளைத் தேடி நேரம் போக்காதீர்கள். இடைவெளிக்குப் பின்னால் பெயர் இருக்கிறதா? வினைக்கு முன்னால் "நோ" இருக்கிறதா? ஆளா, பொருளா? மூன்று தெரிவில் இரண்டு இந்தக் கேள்விகளிலேயே கழன்றுவிடும். வாசிப்புக்கான 70 நிமிடத்தில் இந்தப் பணிக்கு 8 நிமிடம் போதும்.

எழுத்துக்கு 60 நிமிடம், முதல் பணிக்கு 100 முதல் 120 சொல், இரண்டாவதுக்கு 130 முதல் 150. கடைசி 6 நிமிடத்தை ஒதுக்கி, பொருளைக் கவனிக்காமல் இந்தச் சொற்களை மட்டும் தேடிக்கொண்டு போங்கள். வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மண்டபத்தில் அது முடியாது, அவர்கள் வீட்டிலிருந்தே விரலால் கோடு தொட்டுப் பழகவேண்டும். கோட்டைக் கடதாசியில் போட்டால் கையளிக்கமுன் அழித்துவிடுங்கள்.