வெறும் 12 தானா?

"ஒரு தடவை ரியாக்டர் வழியா போகும்போது எவ்வளவு கன்வர்ஷன்?" என்று மதிப்பீட்டுக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார். உள்ளே விடும் மூலப்பொருளில் எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதுதான் கன்வர்ஷன். 12 சதவீதம் என்றேன். "வெறும் 12 தானா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை, குரலும் உயரவில்லை. ஆனால் மதிப்பீட்டுக் கூட்டம் என்று எங்கே பேச்சு வந்தாலும் எனக்கு அந்த "ஆமாம்"தான் ஞாபகம் வருகிறது. அதோடு நிறுத்தியது சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். இன்னொரு நாள், எப்படி அப்படி விட்டேன் என்று தோன்றும். எழுதிப் பார்த்தாலாவது ஒரு பக்கம் சாய்கிறேனா என்று பார்க்கலாம்.

கேட்டவர் சாதாரண ஆளில்லை. சல்ஃபியூரிக் அமில ஆலைகளிலேயே காலம் முழுக்க வேலை பார்த்தவர். அந்தத் தொழிலில் சல்ஃபர் டை ஆக்சைடை டிரை ஆக்சைடாக மாற்றும்போது 99.5-க்கு மேல் வருவதுதான் வழக்கம். அதற்குக் கீழே போனால் மிச்சம் புகைபோக்கி வழியாக ஊருக்குள் போகும், கேள்வி வரும். அப்படிப்பட்ட காதில் 12 எப்படி விழும்? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குழுவில் எங்கள் அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான் என்பது கேள்விகளிலேயே தெரிந்தது.

எங்கள் வேலை கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனால் செய்வது. தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா என்று அந்தப் பழைய குடும்பத்து வினையூக்கிதான், நாங்கள் செய்தது அதில் சில மாற்றங்கள். இது வெப்பம் விடும் வினை, மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் குறைகிறது, நாலு போய் இரண்டு வருகிறது. ஆகவே குளிர்ச்சியும் அழுத்தமும் இதற்குப் பிடிக்கும். ஆனால் குளிர்ச்சியில் வினை நகரவே நகராது. 250 டிகிரி வெப்பம், 50 பார் அழுத்தம் என்று வைத்து, ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கு மூன்று பங்கு ஹைட்ரஜன் என்ற விகிதத்தில் வாயுவை விட்டால், சமநிலை (வினை முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஓடி, மேற்கொண்டு மாறாமல் நின்றுவிடும் நிலை) அனுமதிக்கும் கன்வர்ஷனே 20-லிருந்து 30 சதவீதத்துக்குள் எங்கோதான் இருக்கிறது. எந்த வினையூக்கியாலும் அந்த எல்லையை நகர்த்த முடியாது, அதை நோக்கி வேகமாக ஓடத்தான் முடியும். எங்கள் 12 அந்த எல்லையில் ஏறக்குறைய பாதி. இதுதான் நான் சொல்லாமல் விட்ட வரி.

ஏன் விட்டேன்? கேள்வி ஒரு எண்ணைக் கேட்டது, எண்ணைக் கொடுத்தேன். அப்போது அதுதான் நேர்மை என்று பட்டது. இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் படுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணைச் சொன்ன கையோடு "ஆனா பாருங்க" என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டால் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் வந்துவிடும். மோசமான எண் வைத்திருப்பவர்தான் விளக்கம் கொடுப்பார் என்று மனசு முடிவு கட்டிவிடும். அந்த வரிசையில் போய் நிற்க எனக்கு இஷ்டமில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், அந்த அளவீடுகளை எல்லாம் எடுத்த இளம் ஆய்வாளர் கேட்டார்: "சார், எல்லையே அங்கதான் இருக்குன்னு ஒரு வரி சொல்லியிருக்கலாமே?"

"அவருக்குத் தெரியாதாம்மா?"

"அவருக்குத் தெரியும் சார். ரூம்ல இருந்த மத்தவங்களுக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு எடுத்த பையனும் இருபத்தைந்துக்குப் பன்னிரண்டு எடுத்த பையனும் ஒன்றா? மொத்தம் எவ்வளவு என்று தெரியாத இடத்தில் மதிப்பெண்ணை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன் என்பதுதான் அவருடைய வருத்தம். கோபம் என்று சொல்ல முடியாது. கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த 12-ஐ அவர் எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த வருத்தம் புரியாது. ஆரம்பத்தில் ரியாக்டரிலிருந்து வெளியே வரும் வாயுவைக் குளிரவைத்து, மெத்தனாலையும் தண்ணீரையும் இறக்கிவிட்டு, மிச்சத்தை, வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போன அளவிலேயே நின்றது. வினையே நடக்கவில்லை போல இருக்கிறது என்று வினையூக்கியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்தான் காகிதத்தில் போட்டுக் காட்டினார். உள்ளே 24 பங்கு கார்பன் டை ஆக்சைடு, 72 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன். மெத்தனால் மட்டுமே உண்டாவதாக வைத்துக்கொண்டு, 12 சதவீதம் மாறினால் மிஞ்சுவது 21.12, 63.36, அப்புறம் அதே 4. மொத்தம் 88.48. இப்போது கார்பன் டை ஆக்சைடின் சதவீதத்தைக் கணக்கிட்டால் 23.87! உள்ளே 24, வெளியே 23.87. அதை மட்டும் பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுக்கு மூன்று என்று வைத்து ஒன்றுக்கு மூன்று என்றே செலவாவதால் மிச்சமும் அதே விகிதத்தில் நிற்கிறது. எதிலும் கலந்துகொள்ளாத நைட்ரஜன் மட்டும் 4-லிருந்து 4.52-க்கு ஏறியிருக்கும், அந்த ஏற்றத்தில்தான் முழுக்கதையும் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடை நைட்ரஜனால் வகுத்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டால் கன்வர்ஷன் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான், ஆனால் உபகரணத்தின் முன்னால் நிற்கும்போது பாடப்புத்தகம் யாருக்கு ஞாபகம் வருகிறது. அப்புறம் உள்ளே போன கார்பனும் வெளியே வந்த கார்பனும் கணக்கில் பொருந்தும்வரை அவர் எந்த ஓட்டத்தையும் பதிவேட்டில் ஏற்ற விடவில்லை. அப்படிப் பெற்ற எண்ணுக்கு நான் கொடுத்த அறிமுகம் ஒரு "ஆமாம்".

பதில் எனக்கு அன்று இரவுதான் தோன்றியது, எல்லோருக்கும் தோன்றுவது போல. உங்கள் 99.5-ம் ஒரே ஓட்டத்தில் வந்ததில்லையே ஐயா! அதுவும் வெப்பம் விடும் வினைதான், அதற்கும் சமநிலை எல்லை உண்டு. வனேடியம் வினையூக்கி அடுக்குகளில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, நடுநடுவே குளிரவைத்து, பாதியில் வாயுவை வெளியே எடுத்து உண்டான டிரை ஆக்சைடை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை மறுபடி அனுப்பித்தானே அந்த ஒன்பதுகளைச் சேர்த்தீர்கள்? விளைபொருளை அப்புறப்படுத்தி எல்லையைத் தாண்டினீர்கள். நாங்களும் மெத்தனாலைக் குளிரவைத்து இறக்கிவிட்டு மிச்ச வாயுவை மறுபடி அனுப்பினால் அதே வித்தைதானே? அம்மோனியா ஆலைகளில்கூட ஒரு ஓட்டத்தில் 15 சதவீதம் சுமாராகத்தான் மாறுகிறது, சுற்றிச் சுற்றி விட்டுத்தான் உலகத்துக்கே உரம் போடுகிறார்கள். அருமையான பேச்சு. அறையில் கேட்க நான் மட்டும்தான் இருந்தேன்.

எங்கள் குழுவில் கணிதம் பார்க்கும் நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தார். "பெரிய கன்வர்ஷன் வேணும்னு எதுக்கு ஆசைப்படறீங்க?" என்று கரும்பலகைக்குப் போனார். முதல் பொருள் இரண்டாவதாக மாறுகிறது, இரண்டாவது மூன்றாவதாக மாறுகிறது, இரண்டும் ஒரே வேகம், நமக்கு வேண்டியது நடுவில் உள்ளது. அதன் உச்சம் 36.8 சதவீதம், அப்போது கன்வர்ஷன் 63.2. அதோடு நிறுத்தாமல் கன்வர்ஷனை 99-க்குத் தள்ளினால் கையில் மிஞ்சுவது 4.6 சதவீதம். அந்த 4.6 எனக்குச் சில வாரங்கள் பெரிய ஆறுதலாக இருந்தது, பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் எங்கள் வினை அப்படி வரிசையாகப் போவதல்ல. மெத்தனால் ஒரு பாதை, கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் பக்கத்துப் பாதை. அவர் போட்ட கணக்கு சரி, எனக்குப் பொருந்தாத கணக்கு.

அப்புறம் அந்தக் குழு உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். மாறாத வாயுவில் 99 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறோம், மிச்ச ஒரு சதவீதத்தை மட்டும் வெளியே விடுகிறோம் என்று வைத்துக்கொண்டேன். ஓட்டத்துக்கு 12 சதவீதம் மாறினால் மொத்தக் கன்வர்ஷன் 93. இதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப நினைத்தேன். ஆனால் அதே கணக்கின் அடுத்த வரி வேறு ஒன்று சொன்னது. 93 வருவதற்கு, புதிதாக நுழையும் ஒவ்வொரு பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கும் ரியாக்டர் வழியாக ஏறக்குறைய 7.8 பங்கு ஓட வேண்டும். ஓட்டத்துக்கு 24 மாறினால் 4 பங்கு போதும், மொத்தமும் 97-க்குப் போய்விடும். அந்த வித்தியாசம் முழுக்க கம்ப்ரஸர், குழாய், வெப்ப மாற்றி, மின்சாரம். இன்னொரு வேடிக்கை: ஆய்வகத்தில் எங்களைக் காப்பாற்றிய அந்த நைட்ரஜன், 99 சதவீதம் சுற்றும் வளையத்தில் எங்கும் போக வழியில்லாமல் 100 மடங்காகச் சேரும். 4 பங்கு நைட்ரஜன் உள்ள வாயுவை அப்படிச் சுற்றவே முடியாது.

ஆகவே "வெறும் 12 தானா" என்பது அறியாமல் கேட்ட கேள்வி இல்லை. ஆலையில் நின்றவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. சமநிலை எங்கே இருக்கிறது என்பது வினையூக்கிக்காரனுக்குச் சமாதானம், கம்ப்ரஸருக்கு அதனால் என்ன பயன்? கடிதத்தை அனுப்பவில்லை. அந்தக் கணக்கு எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியையும் தந்தது: விளக்கம் சொல்லாதது நல்லதாகப் போயிற்று, சொல்லியிருந்தால் அவர் அடுத்த கேள்வியில் மடக்கியிருப்பார். ஆனால் அந்த நிம்மதியை நம்பவும் முடியவில்லை. மடக்கியிருந்தால்தான் என்ன? ஒரு நல்ல விவாதம் நடந்திருக்கும். அந்த இளம் ஆய்வாளருக்குத் தன் எண்ணைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். கூட்டக் குறிப்பில் "ஒரு ஓட்டத்தின் கன்வர்ஷன் குறைவு" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். வாயுவைச் சுற்றவிடும் பெரிய ரியாக்டர் கட்டும் கட்டம் தள்ளிப்போனது. என் பதில்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஹைட்ரஜனின் செலவைப் பற்றியும் அன்றைக்கு நிறையப் பேசினார்கள். என் பதில் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பெண் பின்னால் பேட்டரி ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் அவரே சொன்னார்.

சூரிய மின்கலக்காரர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. 1961-இல் ஷாக்லியும் க்வைசரும் ஒற்றைச் சந்திக் கலம் (ஒரே ஒரு குறைக்கடத்திச் சந்தி உள்ளது) ஒளியில் எவ்வளவை மின்சாரமாக்க முடியும் என்பதற்கு ஒரு உச்சவரம்பு கணக்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள், இன்று அது 33 சதவீதம் சொச்சம் என்று அந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். இருபது என்றால் எதில் இருபது என்று கேட்பவருக்கும் தெரியும். வெப்ப எந்திரக்காரர்களுக்கு 1824-லிருந்தே, எந்திரத்தின் திறனுக்கு எல்லை காட்டிய கார்னோ இருக்கிறார். எங்கள் எல்லை வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் விகிதத்துக்கும் தகுந்தாற்போல் நகர்ந்துகொண்டே இருப்பது, அதை ஒரே மூச்சில் சொல்ல வழியில்லை.

நகர்வதால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. இப்போது எங்களிடம் சேர்ந்திருக்கும் பையன் போன வாரம் ஒரு ஸ்லைடு கொண்டுவந்தான். "சமநிலை எல்லையில் 90 சதவீதம் எட்டினோம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அசந்துபோய் எந்த வெப்பநிலையில் என்று கேட்டேன். 300 டிகிரி. அங்கே மெத்தனாலுக்கான எல்லையே வெகுவாகக் குறைந்துவிடும், அதில் 90 எட்டுவது பெரிய காரியமில்லை. பழைய 12 சதவீத ஓட்டத்தில் கிடைத்ததைவிடக் குறைவான மெத்தனால்தான் இதில் கிடைத்திருக்கிறது. உலையைச் சூடாக்கச் சூடாக்க எண் அழகாகிக்கொண்டே போகும், பொருள் குறைந்துகொண்டே போகும். இதைத்தான் அன்றைக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு எனக்கு இது எதுவும் ஞாபகத்தில் இல்லை என்பதும் உண்மை.

நேரடி கன்வர்ஷனை மேலே போடு என்றேன். "எல்லையைச் சொல்லலைன்னா அதைப் பார்த்து யாருக்கு சார் என்ன புரியும்?" என்றான். சரி, அதையும் போடு என்றேன். இப்போது கன்வர்ஷன், எல்லை, மாறியதில் மெத்தனாலின் பங்கு, வளையத்தில் எத்தனை மடங்கு வாயு ஓடும் என்று நான்கு எண்கள் அந்த ஸ்லைடில் இருக்கின்றன. கூட்டத்தில் யாரும் படிக்கப் போவதில்லை என்கிறான் அவன், எதை எடுப்பது என்று இன்னும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.