எட்டாம் நாள் வரை

இபாதான், நைஜீரியா, ஜூலை 3
பெண். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இன்னும் தொடவில்லை.

ஜூலை 4
பெட்டியில் ஒட்டிய சீட்டில் என் பெயரும் "குழந்தை" என்ற சொல்லும் மட்டும். மாமியார் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பெயரில்லாமலா வந்தாள்? இவள் ஐனா." யோருபா வழக்கில் கொடி சுற்றிப் பிறந்த பெண் ஐனா, ஆண் என்றால் ஓஜோ. கால் முதலில் வந்தால் இகே. இரட்டையரில் முதலில் வருவது தாய்வோ, பின்னால் வருவது கெஹிந்தே. வானுலகிலிருந்தே பிள்ளை கொண்டுவரும் பெயர்கள் இவை. வீட்டார் யோசித்து வைப்பதில்லை. அவள் மூச்சை நெரித்த கொடியா அவளுக்கு முதல் பெயர்? என் வாயால் அதைச் சொல்லமாட்டேன்.

ஜூலை 5
மூச்சு நிமிடத்துக்கு 70.

ஜூலை 6
மாமியார் இன்னொரு பெயரையும் சொல்லியேவிட்டார். கொசொக்கொ. புதைகுழி தோண்ட மண்வெட்டி இல்லை என்று பொருள்.

பிறந்து பிறந்து இறக்கும் பிள்ளை அபிக்கு. ஒரே பிள்ளைதான் திரும்பத் திரும்ப வந்து ஏமாற்றிவிட்டுப் போகிறது என்பார்கள். அதன் வழியை மறிக்கத்தான் இந்தப் பெயர்கள். மலொமொ, இனிப் போகாதே. டுரோஜாயே, இருந்து வாழ்வை அனுபவி. கூப்பிடும்போதெல்லாம் காலைப் பிடித்துக் கெஞ்சுவது போல. என் கணவர் ரொட்டிமி பேசாமல் நின்றார். அவர் பெயருக்கே "என்னோடு இரு" என்றுதான் பொருள். அவருக்கு முன் எத்தனை பேர் என்று நான் கேட்டதில்லை. மாமியார் இன்று மூன்று விரல்களைக் காட்டினார்.

லாகோஸை 1845 முதல் 1851 வரை ஆண்ட மன்னர் பெயரும் கொசொக்கொ. அந்தப் பெயரோடு ஒருவர் வளர்ந்து அரியணை ஏறியிருக்கிறார். இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 7
கொசொக்கொவுக்குள் இருக்கும் சொல் ஒக்கொ. கடைசியில் குரலை உயர்த்தினால் மண்வெட்டி. தாழ்த்தினால் வண்டி. ஏற்றாமல் இறக்காமல் சொன்னால் கணவன். பதிவேட்டில் ஒலிக்குறி போடுவதில்லை. குறி விட்டுப்போனால் "கணவன் இல்லை" என்றுகூட என் மகளைப் படிப்பார்களே. விடியும் வரை இதே நினைப்பு.

ஜூலை 8
பால் 5 மில்லி. தங்கியது.

ஜூலை 9
குளிக்க வீட்டுக்குப் போனேன். கொட்டகைச் சுவரில் மண்வெட்டி இல்லை, ஆணி மட்டும் இருக்கிறது. மாமியாரிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 10
எட்டாம் நாள், பெயர் சூட்டும் நாள். தேனையும் உப்பையும் அவள் உதட்டில் வைக்க அனுமதியில்லை. மாமியார் பெட்டிக்கு எதிரே நின்று, தன் நாக்கில் வைத்து ஒவ்வொன்றுக்கும் வேண்டிக்கொண்டார். நீண்ட ஆயுளுக்கு ஒரொக்போ. அந்தக் கசப்புக் கொட்டையை முகம் சுளிக்காமல் மென்றார். வராந்தாவில் தண்ணீர்க் கிண்ணம். அதில் காசு போட்டு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ரொட்டிமி சொன்னது அயோமிடே, என் மகிழ்ச்சி வந்துவிட்டது. நான் செல்லப்பெயர் கொடுத்தேன்: அஜொக்கே, எல்லோரும் சேர்ந்து சீராட்டுபவள். மாமியார் கொசொக்கொ என்று சொன்னபோது குரல் கடைசியில் சரியாக உயர்ந்தது.

சீட்டில் நானே எழுதினேன். கொசொக்கொ, மூன்று ஒலிக்குறிகளும் போட்டு.

ஜூலை 11
பெட்டியின் வட்டத் துளை வழியாகக் கையை உள்ளே விடச் சொன்னார் செவிலியர். உள்ளங்கால் என் கட்டைவிரல் அளவுதான். ஐனா என்று கூப்பிட்டேன். வேறு பெயர் வாயில் வரவில்லை.